காம்பாக்ட் டிராக்டருக்கு ஸ்னோ புளோயர்: எதைப் பார்த்து வாங்குவது?

டொரொண்டோவின் நெரிசலை விட்டு வடக்கே பேரி, ஓரிலியா, ஓவன் சவுண்ட் பக்கம் நிலத்தோடு வீடு வாங்கிப் போகிறவர்களுக்கு முதல் குளிர்காலத்திலேயே ஒரு வித்தியாசம் தெரிந்துவிடும். டொரொண்டோ நகரத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க விழும் பனி சராசரியாக 120 செ.மீ. அளவில்தான் இருக்கும். ஹியூரான் ஏரியையும் ஜார்ஜியன் வளைகுடாவையும் கடந்து காற்று வந்து சேரும் பக்கத்து ஊர்களில் அது 3 மீட்டரைத் தாண்டுவது சாதாரணம். இன்னும் உறையாத ஏரிநீர்மேல் வரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கரையேறியதும் அதைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. 2024 நவம்பர் கடைசியில் கிரேவன்ஹர்ஸ்ட் பக்கம் ஒரே வார இறுதியில் ஒரு மீட்டருக்கும் மேல் விழுந்தது இப்படித்தான்.

இந்த ஊர்களில் வீட்டிலிருந்து சாலைக்குப் போகும் டிரைவ்வே பல இடங்களில் 100 மீட்டரைத் தொடும். கையால் தள்ளும் ஸ்னோ புளோயர், அதாவது பனியை வாரி வீசும் கருவி, அதற்குக் காணாது. புல் வெட்டவும் மண் அள்ளவும் வாங்கிய 20 முதல் 45 எச்.பி. வரையிலான காம்பாக்ட் டிராக்டர் ஏற்கனவே கொட்டகையில் நிற்கும். அதிலேயே ஒரு ஸ்னோ புளோயரை மாட்டிக்கொள்ளலாமே என்ற எண்ணம் வருவது நியாயம். ஆனால் கடைக்குப் போனால் 50 அங்குலம், 60 அங்குலம், 72 அங்குலம், முன்னால் மாட்டுவது, பின்னால் மாட்டுவது, தலைகீழாக மாட்டுவது என்று வரிசையாகச் சொல்வார்கள். முதன்முறை கேட்பவருக்குத் தலை சுற்றும்.

அந்த முதன்முறை வாங்குபவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புளோயரை எந்தப் பனிக்காக வாங்குகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டால் மற்றவை தானாக அமையும். ஜனவரிக் குளிரில் விழும் பஞ்சு போன்ற பனியை எந்தப் புளோயரும் வீசிவிடும். டிரைவ்வேயின் வாயில், பனி தள்ளும் லாரி ஒதுக்கிவிட்டுப் போகும் அந்த இறுகிய, உப்பும் பனிக்கட்டியும் கலந்த வரப்புதான் உண்மையான சோதனை. அதை வீசக்கூடிய கருவியை வாங்குங்கள்.

முதலில், புளோயர் வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டாம். 30 மீட்டர் டிரைவ்வே, பனியை ஒதுக்க இரண்டு பக்கமும் தாராளமாக இடம் என்றால், டிராக்டரின் முன் லோடர் பக்கெட்டும் பின்னால் ஒரு தகட்டுப் பிளேடும் போதும். செலவும் குறைவு, பழுதாக ஒன்றும் இல்லை.

பிளேடின் சிக்கல் குளிர்காலத்தின் நடுவில்தான் தெரியவரும். தள்ளிய பனி எங்கும் போவதில்லை, ஓரத்தில் மேடாக நிற்கும். அடுத்த முறை அந்த மேட்டின்மேல் தள்ள முடியாது, அதற்கு முன்னால் தள்ளுவோம். பிப்ரவரிக்குள் இரண்டு வண்டி அகலமிருந்த பாதை ஒரு வண்டி அகலமாகிவிடும். அதைவிட மோசமானது, அந்த மேடுகள் காற்றில் பறந்து வரும் பனியைத் தடுத்துப் பாதைக்குள்ளேயே விழவைக்கும். திறந்த வயல் நடுவே இருக்கும் டிரைவ்வேக்களில் புதிதாகப் பனி பெய்யாத நாளிலும் காலையில் பாதை மூடிக் கிடப்பதற்கு இதுதான் காரணம். புளோயர் பனியைப் பல மீட்டர் தள்ளி வயலில் பரப்பிவிடும். ஓரத்தில் மேடு சேராது, அதனால் காற்றுப்பனியும் அவ்வளவாகத் தங்காது. நீண்ட பாதையும் திறந்த வெளியும் உள்ளவர்களுக்குப் புளோயர் தேவைப்படுவது முக்கியமாக இதற்காகத்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

டிராக்டரில் மாட்டும் புளோயர்கள் பெரும்பாலும் இரண்டு கட்டமாக வேலை செய்பவை. முன்வாயில் குறுக்காகக் கிடக்கும் திருகு, அதை ஆகர் என்பார்கள். அது மெதுவாகச் சுழன்று, பனியை உடைத்து, இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவுக்குத் தள்ளும். நடுவில் பின்னால் இருக்கும் விசிறி அதை வாங்கி, மேலே நிற்கும் வளைந்த குழாய் வழியாக வீசும். சேர்ப்பது ஒன்று, வீசுவது ஒன்று. ஒரே கட்டம் கொண்ட கருவிகளில் திருகே இரண்டையும் செய்யும். அவை மெல்லிய பனிக்குச் சரி, நாம் பேசும் வேலைக்குப் போதாது.

இந்தக் கருவியின் ஊரே கனடாதான். 1869இல் டொரொண்டோவில் பல் மருத்துவராக இருந்த ஜே. டபிள்யூ. எலியட், ரயில் பாதைப் பனியை அகற்றச் சுழலும் சக்கரம் வைத்த கலப்பைக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு ஆரஞ்ச்வில்லைச் சேர்ந்த ஆரஞ்ச் ஜல் அந்த வடிவத்தை மேம்படுத்தினார். சாலைக்கு உதவும் இயந்திரத்தை 1925இல் மாண்ட்ரியலில் செய்து காட்டியவர் ஆர்தர் சிகார். 1927இல் அவர் முதல் இயந்திரத்தை விற்றது மாண்ட்ரியலை ஒட்டிய ஊட்ரமோன் ஊருக்கு. நூறாண்டு ஆகியும், பனியைச் சேர்த்து விசிறியால் வீசுவது என்ற அடிப்படை மாறவில்லை.

சக்தி எங்கிருந்து வருகிறது? டிராக்டரின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பி.டி.ஓ. (பவர் டேக்-ஆஃப்) தண்டிலிருந்து. ஊரில் ரோட்டவேட்டர் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நிமிடத்துக்கு அதே 540 சுற்று, அதே ஆறு வரிப் பல் கொண்ட 1⅜ அங்குலத் தண்டு, அதே மூன்று புள்ளி இணைப்பு. ரோட்டவேட்டர் மண்ணைக் கிளறுகிறது, புளோயர் பனியை வீசுகிறது, அவ்வளவுதான். ரோட்டவேட்டரில் கல் மாட்டினால் எது உடைய வேண்டும் என்று எப்படி யோசித்துச் செய்திருப்பார்களோ, இங்கும் அப்படியே செய்திருக்கிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

பின்னால் மாட்டும் பெரும்பாலான புளோயர்களில் பி.டி.ஓ.வின் 540 சுற்று நேராக விசிறிக்குப் போகும், சங்கிலியோ கியரோ வைத்து வேகத்தைக் குறைத்துத் திருகுக்குக் கொடுப்பார்கள். 20 அங்குல விட்டமுள்ள விசிறி நிமிடத்துக்கு 540 முறை சுற்றினால் அதன் நுனி நொடிக்குச் சுமார் 14 மீட்டர் வேகத்தில் போகிறது. பனி வீசப்படும் தூரம் இந்த வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எஞ்சினை இறக்கி ஓட்டி வேகம் நாலில் ஒரு பங்கு குறைந்தால், தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதோடு குழாயும் அடைக்கும். டீசலை மிச்சப்படுத்த நினைத்து ஆக்சிலரேட்டரைக் குறைத்து ஓட்டுபவர்கள், அடைத்த குழாயைக் குத்திக்கொண்டு நிற்பதற்கு இதுவே காரணம். புளோயர் ஓடும்போது பி.டி.ஓ. எப்போதும் முழு வேகத்தில் இருக்க வேண்டும். கூட்டுவதும் குறைப்பதும் வண்டி நகரும் வேகத்தை மட்டும்தான்.

இதனாலேயே டிராக்டரின் கியர் அமைப்பு முக்கியம். கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் நகரும் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில் காலால் மிதித்து, எஞ்சின் சுற்று மாறாமல், ஊர்ந்து போகலாம். பனிக்கு அதைவிடச் சுகமானது எதுவும் இல்லை. கியர் வண்டி என்றால் மிக மெதுவாகப் போகும் கீழ் கியர் வேண்டும், கிளட்சை மிதித்தாலும் பி.டி.ஓ. நிற்காமல் சுற்ற வேண்டும். ஊரில் டூயல் கிளட்ச் என்று சொல்வது இதற்கு உதவும். பழைய வண்டிகள் சிலவற்றில் கிளட்சை மிதித்ததும் வண்டியும் புளோயரும் சேர்ந்தே நின்றுவிடும். கனமான பனியில் நின்ற புளோயர் அடைத்த புளோயர். அப்படிப்பட்ட வண்டிக்குப் புளோயர் வாங்காதீர்கள் என்றே சொல்வேன்.

பனிக்கு எவ்வளவு எடை?

புளோயரின் அளவைத் தேர்ந்தெடுப்பதில் எல்லோரும் ஆழத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது எடையை.

100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் உள்ள டிரைவ்வேயில் 20 செ.மீ. பனி விழுந்திருக்கிறது. அது 60 கன மீட்டர். கடுங்குளிரில் விழுந்த பொடிப்பனி என்றால் ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 6 டன். அதே 20 செ.மீ. மார்ச் மாதத்தில் பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பத்தில் ஈரமாக விழுந்தால் ஒரு கன மீட்டர் 300 கிலோவைத் தொடும். மொத்தம் 18 டன். ஜன்னலிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எஞ்சினுக்கு மூன்று மடங்கு வேலை. லாரி ஒதுக்கிய வரப்பு இன்னும் கனம், ஏனென்றால் அது ஏற்கனவே ஒருமுறை தள்ளி அழுத்தப்பட்ட பனி. இரவு முழுக்கக் கிடந்து உறைந்திருந்தால் சுவர்தான்.

எச்.பி.யும் அகலமும்

டிராக்டரின் முன்பக்கம் எழுதியிருக்கும் எச்.பி. புளோயருக்கு வந்து சேர்வதில்லை. ஹைட்ராலிக் பம்ப், கியர்பாக்ஸ், ஹைட்ரோஸ்டாட்டிக் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். ஜான் டியர் 1025ஆர் போன்ற சிறிய வண்டியில் எஞ்சின் 24 எச்.பி.க்குக் கிட்டே, பி.டி.ஓ.வில் கிடைப்பது 18 எச்.பி. அளவுதான். கையேட்டில் பி.டி.ஓ. எச்.பி. என்று தனியாகப் போட்டிருப்பார்கள். புளோயர் செய்பவர்கள் ஒவ்வொரு அளவுக்கும் குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று தருவார்கள். உங்கள் வண்டியின் எண் அந்த எல்லைக்கு உள்ளே விழ வேண்டும். கடைக்காரரிடம் பேசும்போது எஞ்சின் எச்.பி.யைச் சொல்கிறாரா, பி.டி.ஓ. எச்.பி.யைச் சொல்கிறாரா என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

அகலத்துக்கு இரண்டு கயிறுகள் எதிரெதிராக இழுக்கின்றன. ஒரு பக்கம், புளோயர் டிராக்டரின் பின் சக்கரங்களின் வெளி விளிம்பைவிட இரண்டு மூன்று அங்குலமாவது அகலமாக இருக்க வேண்டும். சங்கிலி போட்டால் அதையும் சேர்த்து அளக்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் வாராத பனியில் ஏறி அதை அழுத்திவிடும், அழுத்திய பனியைப் பிறகு எடுப்பது கஷ்டம். இன்னொரு பக்கம், அகலம் கூடக்கூட ஒரே நேரத்தில் உள்ளே வரும் பனியும் கூடும், எஞ்சின் திணறும்.

பொதுவாக, சக்கர அகலம் 4 அடிக்குப் பக்கத்தில் இருக்கும் சப்-காம்பாக்ட் (காம்பாக்டிலும் சிறிய) வண்டிகளுக்கு 48 முதல் 54 அங்குலம். 25 முதல் 35 எச்.பி. வரை உள்ளவற்றுக்கு 60 முதல் 66 அங்குலம். அதற்கு மேல்தான் 72 அங்குலம். இரண்டு அளவுக்கும் நடுவில் நிற்கிறீர்கள் என்றால், சக்கரத்தை மூடும் வரை, சிறியதை எடுங்கள். அகலமான புளோயர் பொடிப்பனியில் ஒரு நடையை மிச்சப்படுத்தும். ஆனால் ஈரப்பனி நாளில் ஊர்வதைவிட மெதுவாகத்தான் நகர முடியும், குழாய் அடைக்கும், கடைசியில் பாதி வாயைத்தான் பயன்படுத்துவீர்கள். காசு கொடுத்து வாங்கிய அகலம் தேவைப்படும் நாளில் உதவாது. கூடுதல் அகலத்துக்குக் கொடுக்கும் பணத்தைப் பெரிய விசிறிக்கும், தடித்த தகட்டுக்கும், ஹைட்ராலிக்கில் திரும்பும் குழாய்க்கும் கொடுத்தால் பத்து வருடம் நன்றி சொல்வீர்கள்.

வாயின் உயரத்தையும் பாருங்கள். ஏரிப்பனி விழும் இடத்தில் 24 அங்குலத்துக்குக் குறைந்த உயரம் சில நாட்களில் போதாது, பனி மேலே வழிந்து பின்னால் விழும்.

முன்னாலா, பின்னாலா?

பணத்தையும் கழுத்தையும் ஒன்றுக்கொன்று ஈடு வைக்கும் முடிவு இது.

பின்னால் மாட்டுவது எளிது, மலிவு. மூன்று புள்ளி இணைப்பில் இரண்டு கீழ்க்கைகள், மேலே ஒரு டாப் லிங்க், நடுவில் பி.டி.ஓ. தண்டு. பழகினால் சில நிமிட வேலை. காம்பாக்ட் வண்டிகளில் பெரும்பாலும் கேட்டகரி 1 என்ற அளவு இணைப்பு இருக்கும். மிகச் சிறியவற்றில் சிலது கேட்டகரி 0. அது மட்டும் பொருந்திவிட்டால் எந்த நிறுவனத்தின் புளோயரையும் எந்த நிறுவனத்தின் டிராக்டரிலும் மாட்டலாம், நாளைக்கு வண்டியை மாற்றினாலும் புளோயர் கூடவே வரும். எடை பின் சக்கரத்தின்மேல் உட்கார்வதால் பிடிப்பும் கூடும். எல்லாவற்றையும்விட, முன்னால் லோடர் அப்படியே இருக்கும். டிரைவ்வே வாயின் உறைந்த வரப்பை முதலில் பக்கெட்டால் உடைத்து, பிறகு புளோயரால் வீசலாம். இந்த ஒரு வசதிக்காகவே பலருக்கும் நான் பின்பக்கப் புளோயரைத்தான் சொல்வேன்.

விலை என்னவென்றால், முழு நேரமும் ரிவர்ஸில் ஓட்ட வேண்டும். உடம்பைத் திருப்பி, ஒரு கையை ஸ்டீயரிங்கில் வைத்து, தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டே போவது. 20 நிமிட வேலைக்குப் பரவாயில்லை. இரண்டு மணி நேரம் என்றால், கழுத்து அல்லது முதுகு வலி ஏற்கனவே உள்ளவர்களுக்கு நிச்சயமாக ஒத்துவராது. காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் வீசிய பனி முகத்துக்கே திரும்பி வரும். கேபின் இல்லாத வண்டியில் அது கொடுமை. இதையெல்லாம் கடையில் நின்று யோசிப்பதைவிட, உங்கள் டிராக்டரில் ஏறி டிரைவ்வே முழுக்க ஒருமுறை ரிவர்ஸில் போய்ப் பாருங்கள். கோடையிலேயே செய்யலாம். உடம்பு பதில் சொல்லிவிடும்.

முன்னால் மாட்டுவது சொகுசு. நேராகப் பார்த்து ஓட்டலாம், சக்கரம் வாரிய தரையில்தான் போகும், ஓரங்களில் துல்லியமாக நகர்த்தலாம். ஆனால் சக்தியை முன்னால் கொண்டுபோக டிராக்டரின் வயிற்றுப்பகுதியில் இன்னொரு பி.டி.ஓ. இருக்க வேண்டும், மிட் பி.டி.ஓ. என்பார்கள். அதன் சுற்று 540 அல்ல, 2,000க்கும் மேல். அதிலிருந்து அடியில் ஒரு தண்டு ஓடும், முன்னால் தனியாக ஒரு சட்டம் மாட்ட வேண்டும், லோடரைக் கழற்ற வேண்டும். அடியில் ஓடும் தண்டால் தரையிலிருந்து வண்டியின் உயரம் குறையும். முன்பாரம் கூடுவதால் பின்னால் எடை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பின் சக்கரம் வழுக்கும். மொத்தச் செலவு பின்பக்கப் புளோயரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, சில நேரம் அதற்கும் மேல். பெரும்பாலும் அந்த ஒரு மாடல் டிராக்டருக்கே பொருந்தும் என்பதால் வண்டியை விற்கும்போது சேர்த்தே விற்க வேண்டிவரும். மிட் பி.டி.ஓ. உங்கள் வண்டியில் இல்லை என்றால் இந்தப் பேச்சை இங்கேயே விட்டுவிடலாம்.

மூன்றாவது வழி கியூபெக்கில் பிறந்து வளர்ந்தது. பின்னால்தான் மாட்டுவது, ஆனால் வாய் டிராக்டரை நோக்கி இருக்கும். தலைகீழ் புளோயர் என்று சொல்லலாம். கராஜ் கதவு வரை புளோயரைத் தூக்கிக்கொண்டு ரிவர்ஸில் போய், கீழே இறக்கி, முன்னோக்கி இழுத்துக்கொண்டே வருவது. மாண்ட்ரியலிலும் ஒட்டாவாவிலும் வீடு வீடாகப் பனி எடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் பெரிய டிராக்டர்களில் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு டிரைவ்வேயை நிமிடக் கணக்கில் முடித்துவிட்டுப் போவதைப் பார்த்தால் ஆசை வரும். காம்பாக்ட் டிராக்டருக்கான சிறிய வடிவங்களும் நோர்மாண்ட் போன்ற கியூபெக் நிறுவனங்களிடம் உண்டு. யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: சக்கரம் முதலில் பனிமேல் ஏறிப் போகிறது. பெரிய டிராக்டருக்கு அது ஒன்றுமில்லை. அடிவயிறு தாழ்ந்த சிறிய வண்டி முழங்கால் ஆழப் பனியில் மாட்டிக்கொள்ளும். நகரத்து வீடுகள்போல அடிக்கடி எடுத்துவிடும் இடத்துக்கு இது அருமை, ஏரிப்பனி ஒரே இரவில் கொட்டும் நீண்ட டிரைவ்வேக்கு என் பரிந்துரை அல்ல.

லோடர் கைகளில் மாட்டி ஹைட்ராலிக்கில் ஓடும் புளோயர்களையும் இணையத்தில் பார்ப்பீர்கள். அவை ஸ்கிட் ஸ்டியர் என்ற கட்டுமான வேலை லோடர் வண்டிகளுக்குச் செய்தவை. நிமிடத்துக்கு 15 கேலன் எண்ணெய் ஓட்டமாவது கேட்கும். காம்பாக்ட் டிராக்டரின் பம்ப் பெரும்பாலும் 10 கேலனைத் தாண்டாது. வேண்டாம்.

விலைப்பட்டியலில் சின்ன எழுத்தில் இருப்பவை

குழாயைத் திருப்புவது எப்படி என்று கேளுங்கள். கையால் சுற்றும் கைப்பிடி மலிவு. ஆனால் ரிவர்ஸில் ஓட்டிக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைச் சுற்றுவது மூன்றாவது கை கேட்கும் வேலை. ஹைட்ராலிக்கில் திருப்ப டிராக்டரின் பின்பக்கம் ரிமோட் வால்வு, அதாவது கருவிக்கு எண்ணெய் கொடுக்கும் இணைப்பு, இருக்க வேண்டும். இல்லாத வண்டிக்கு மின் மோட்டாரில் திரும்பும் வகை நல்ல மாற்று. குழாயின் நுனி மடலையும் இருக்கையிலிருந்தே ஏற்றி இறக்க முடிந்தால் இன்னும் நல்லது. பக்கத்து வீட்டின் ஜன்னலுக்குப் பக்கத்தில் தாழ்வாக வீசவும், வயல் பக்கம் தூக்கி வீசவும் அதுதான் உதவும்.

கீழே இரண்டு பக்கமும் இருக்கும் ஸ்கிட் ஷூக்கள் புளோயரின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்யும். தார் போட்ட டிரைவ்வேக்குத் தரையை ஒட்டி வைக்கலாம். சரளைக்கல் என்றால் ஒரு அங்குலம் தூக்கி வைத்து, முதல் சில பனிகளை அழுத்தி உறையவிட்டு ஒரு அடித்தளம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன் புளோயரை இறக்கினால் பனியோடு கல்லும் பறக்கும். கார் கண்ணாடியை உடைக்க ஒரு கல் போதும்.

இப்போது ஷியர் போல்ட். திருகில் ஒரு விறகுத்துண்டோ உறைந்த செய்தித்தாள் கட்டோ மாட்டினால் கியர்பாக்ஸ் உடைவதற்கு முன் இந்த மெல்லிய போல்ட் அறுந்து போகும். அறுவதுதான் அதன் வேலை. கையேட்டில் சொன்ன தரத்தில் ஒரு கைப்பிடியளவு வாங்கிக் கேபினிலேயே வையுங்கள். கையில் கிடைத்த கெட்டியான போல்டைப் போட்டால், அடுத்த முறை அறுவது போல்டாக இருக்காது. சில புளோயர்களில் போல்டுக்குப் பதிலாகப் பி.டி.ஓ. தண்டில் ஸ்லிப் கிளட்ச் இருக்கும். அதிகச் சுமை வந்தால் வழுக்கிக்கொடுக்கும். கோடை முழுக்கச் சும்மா கிடந்தால் அதன் தட்டுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் தளர்த்தி வழுக்கவிட்டு மறுபடி இறுக்க வேண்டும்.

சக்கரமும் புளோயர் செலவில் சேர்ந்ததுதான். காம்பாக்ட் வண்டிகளில் அதிகம் வரும் ஆர்4 டயர் புல்லுக்கும் மண்ணுக்கும் நடுத்தரம், பனிக்கட்டியில் வழுக்கும். பின் சக்கரத்துக்குச் சங்கிலி வாங்கிவிடுங்கள். டயருக்குள் நீர்மம் நிரப்பி எடை கூட்டுவதும் இங்கே வழக்கம். வெறும் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் கால்சியம் குளோரைடு கரைசலோ சர்க்கரை பீட் சாற்றுக் கரைசலோ ஊற்றுவார்கள். முன்னது மலிவு, ஆனால் கசிந்தால் ரிம்மைத் துருவாக்கும்.

இன்னொன்று, புளோயரைச் சூடான கராஜில் வைக்காதீர்கள். சூடான இரும்பில் பட்ட பனி உருகி, பின் உறைந்து, குழாயின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். சூடில்லாத கொட்டகையே அதற்குச் சரியான இடம்.

கையும் உயிரும்

540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. தளர்வான ஜாக்கெட்டின் நுனியோ ஸ்கார்ஃபோ தண்டில் மாட்டினால், ஆபத்து என்று மூளைக்குத் தெரியும் முன்பே உடம்பு இழுக்கப்பட்டிருக்கும். தண்டின்மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் அன்று வேலை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். புது உறையின் விலை பெரிதல்ல.

குழாய் அடைத்தால் பி.டி.ஓ.வை நிறுத்தி, எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டு, எல்லாம் நின்றதைப் பார்த்து, அப்புறம் ஒரு மரக்கட்டையாலோ அதற்கென்று வரும் தட்டையான கோலாலோ குத்துங்கள். கையை விடவே கூடாது. எஞ்சின் நின்ற பிறகும் அடைப்பில் இறுகி நிற்கும் விசிறி, அடைப்பு விலகியதும் திடீரென ஒரு கால் சுற்றுச் சுற்றக்கூடும். அந்தக் கணத்தில் விரல்கள் போய்விடலாம். கையுறை காப்பாற்றாது. குழந்தைகளும் நாய்களும் உள்ள வீட்டில், அவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்த பிறகே டிராக்டரைக் கிளப்புங்கள். ரிவர்ஸில் போகும்போது குழாய் பார்வையை மறைக்கும்.

பனியை எங்கே வீசுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். ஒன்டாரியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம், 181ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் சாலையில் பனியைப் போடுவதைத் தடுக்கிறது. வாயில் இருக்கும் வரப்பை எதிர்ப்பக்கப் பள்ளத்துக்கு வீசுகிறேன் என்று சாலைக்குக் குறுக்கே வீசினால், வேகமாக வரும் காரின் கண்ணாடி ஒரு நொடி மூடிப்போகும். வீட்டுப் பக்கம்தான் வீச வேண்டும்.

பழையது வாங்கினால்

புளோயர்கள் எளிய கருவிகள் என்பதால் நல்ல பழையது கிடைத்தால் தயங்க வேண்டாம். ஒன்டாரியோ எல்மைராவின் எம்கே மார்ட்டின், கியூபெக் சான்-டீட்டின் புரோனோவோஸ்ட் போன்ற உள்ளூர் நிறுவனங்களின் பழைய கருவிகளுக்கு உதிரிபாகம் இங்கேயே கிடைக்கும் என்பது ஒரு பலம். பெயிண்டைப் பார்க்காதீர்கள். விசிறியைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஆட்டம் கண்டால் பேரிங் போய்விட்டது. விசிறிக்கும் அதைச் சுற்றியுள்ள தகட்டுக்கும் இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். அது கூடியிருந்தால் ஈரப்பனி வீசப்படாமல் உள்ளேயே சுற்றும். கியர்பாக்ஸ் எண்ணெயைத் திறந்து பாருங்கள், பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கீழ் வெட்டுவிளிம்பு கழற்றி மாற்றும் வகையா, தேய்ந்து அடித்தகடே தேயத் தொடங்கிவிட்டதா என்றும் கவனியுங்கள்.

புதியதோ பழையதோ, பி.டி.ஓ. தண்டின் நீளத்தை உங்கள் டிராக்டரில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். புளோயரை மாட்டி, ஹைட்ராலிக் லீவரால் மெதுவாகத் தூக்கி இறக்கி, டிராக்டருக்கும் புளோயருக்கும் இடையே தூரம் எங்கே மிகக் குறைகிறது என்று பாருங்கள். அந்த நிலையில் தண்டின் இரண்டு பாதிகளும் முட்டக் கூடாது. முட்டினால் அடுத்த முறை தூக்கும்போது டிராக்டரின் பின் பேரிங்கோ புளோயரின் கியர்பாக்ஸோ உடையும், இரண்டுமே பெரிய செலவு. தூரம் மிகக் கூடிய நிலையில், ஒன்றுக்குள் ஒன்று குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது செருகி இருக்க வேண்டும். நீளம் அதிகம் என்றால் உள்குழாய், வெளிக்குழாய், பிளாஸ்டிக் உறை மூன்றிலும் ஒரே அளவு வெட்டி, பிசிறை ராவி, கிரீஸ் போட்டு மாட்டுங்கள். குயிக் ஹிட்ச் (கருவியைச் சட்டென்று மாட்டிக் கழற்ற உதவும் சட்டம்) பிறகு வாங்கும் எண்ணம் இருந்தால் வெட்டும் முன்பே அதை வாங்கி மாட்டி அளந்துவிடுங்கள், அது தூரத்தைச் சில அங்குலம் கூட்டிவிடும்.

இதையெல்லாம் அக்டோபரிலேயே முடித்துவிட வேண்டும். முதல் பனி விழுந்த மறுநாள் கடைகளில் உங்கள் அளவு இருக்காது, வெட்டிக்கொடுக்கும் பட்டறையிலும் வரிசை நிற்கும். அதே வாரத்தில், தரை உறைந்து கல்லாகும் முன், டிரைவ்வேயின் இரண்டு ஓரத்திலும் பிரதிபலிக்கும் குச்சிகளை நட்டுவிடுங்கள். பூச்செடிக்கு ஓரம் கட்டிய கற்கள், தோட்டக் குழாய், நாயின் கயிறு எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வையுங்கள்.

முதல் பெரிய பனிக்கு, கொட்டி முடியட்டும் என்று காத்திருக்காமல், பாதியில் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை எடுங்கள். வரப்பை மட்டும் லாரி போன உடனேயே, அது இறுகும் முன், வாயில் பாதி அகலம் மட்டும் கொடுத்து, பி.டி.ஓ. முழு வேகத்தில் வைத்து, ஊர்ந்து வாருங்கள்.